நிழற்குடையில் எரியும் விளக்கு

பேருந்துக்காகக் காத்திருக்கும் இடத்துக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் அரசுப் பெயர் ‘பயணியர் நிழற்குடை’. அழகான சொல்தான், ஆனால் பகலுக்கான சொல். காத்திருப்பவரின் துன்பம் வெயிலும் மழையும் மட்டுமே என்று எண்ணிய ஒரு மனம் அதை உருவாக்கியிருக்க வேண்டும். மாலை ஆறரைக்கு மேல் நிழலுக்கு வேலை இல்லை. அதன்பிறகு அங்கே நிற்பவருக்கு, அதிலும் நிற்பவளுக்கு, என்ன தேவை என்பதைப் பற்றி அந்தச் சொல் வாய் திறப்பதில்லை.

பிரான்சில் இதே இடத்தை ‘அப்ரிபஸ்’ என்கிறார்கள். ‘அப்ரி’ என்றால் ஒதுங்குமிடம். மக்கள் நாவில் பொதுச்சொல்லாகவே புழங்கும் அது உண்மையில் ஒரு விளம்பர நிறுவனத்தின் பதிவுபெற்ற வணிகக்குறி. கூரையைக் கட்டியவர், கூரைக்கான பெயரையும் தன் உடைமை ஆக்கிக்கொண்டார். நம் சொல்லில் இரவு இல்லை. அவர்கள் சொல்லில் வணிகம் இருக்கிறது. நம் நகரங்களின் நிறுத்தங்களில் இன்று இந்த இரண்டும் சந்தித்துக்கொள்கின்றன. இரவை யாரும் எண்ணிப் பார்க்காமல் கட்டிய கூரையின் கீழ், இரவில் வெளிச்சம் தருவது பெரும்பாலும் விளம்பரப் பலகை.

பட்டுப்புடவை, தங்க நகை, பொறியியல் கல்லூரி, கருத்தரிப்பு மையம், தவணையில் அடுக்குமாடி வீடு என்று உள்ளிருந்து ஒளியூட்டிய படங்கள் சாலையைப் பார்த்து எரிகின்றன. அவற்றில் பலவற்றில் ஒரு பெண் சிரிக்கிறாள். அவளுக்குக் கீழே, பலகையின் ஒளி பாதி விழுந்தும் விழாமலும், இன்னொரு பெண் கைப்பேசியில் நேரம் பார்த்தபடி நிற்கிறாள். அந்த வெளிச்சம் எப்படி அங்கே வந்தது, யாருடைய கணக்கில் எரிகிறது, நிற்பவளுக்கு அதில் என்ன பங்கு என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

கல்லும் திண்ணையும்

வழியில் நிற்பவருக்கு யார் செலவு செய்வது என்ற கேள்வி பேருந்துக்கு மிகவும் மூத்தது. தமிழ்நாட்டின் பழைய பாதைகளில் இன்றும் சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். நிறுத்திய இரண்டு கற்களின் மேல் கிடத்திய ஒரு கல். தலைச்சுமையோடு வருபவர் இன்னொருவர் கைத்துணை இல்லாமல் தம் சுமையை இறக்கி வைக்க ஏற்ற உயரம். வயிற்றுச் சுமையோடு இறந்துபோன கர்ப்பிணிப் பெண்ணின் நினைவாக அதை நிறுத்துவது வழக்கம். இறக்கி வைக்காமலே போன அவளுடைய பாரம், மற்றவர் பாரத்தைத் தாங்கினால் குறையும் என்பது நம்பிக்கை. நம் முதல் தெருத் தளவாடங்களில் ஒன்று, பேறுகாலத்தில் செத்த பெண்ணின் பெயரால் நின்றது என்பதைப் பெண்ணிய வரலாறு குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளும் கட்டிய சத்திரங்களும் இன்னும் அவர் பெயரில்தான் அறியப்படுகின்றன. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. சத்திரமும் சாவடியும் தண்ணீர்ப் பந்தலும் அறக்கணக்கில் எழுதப்பட்டவை. கொடுத்தவருக்குப் புண்ணியமும் பெயரும் கிடைத்தன. குடியிருப்புத் தெருக்களில் அந்த வேலையைத் திண்ணை செய்தது. வாசல் பக்கத்து விளக்கு மாடத்தில் அந்தி நேரத்தில் வீட்டுப்பெண் ஏற்றிவைத்த அகல், தெருவுக்கும் கொஞ்சம் வெளிச்சம் தந்தது.

இதைப் பொற்காலமாக்கிப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. எல்லாச் சாதியாரும் எல்லாத் திண்ணையிலும் உட்கார முடிந்ததில்லை. சத்திரங்களுக்குள்ளும் சாதிக்கொரு பந்தி இருந்தது. விளக்கேற்றியவள் அந்த விளக்கின் வெளிச்சத்தில் தெருவில் இறங்கி நடந்தவள் அல்ல. ஒதுங்குமிடம் என்பது எக்காலத்திலும் அரசியல்தான். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டதை நாடே அறியும். அங்கே தலித் மக்கள் போராடிக் கேட்டவற்றுள் ஒரு பேருந்து நிழற்குடையும் இருந்தது என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

பின்னர் வந்தது சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் தொகுதி மேம்பாட்டு நிதி. கிராமத்து நிழற்குடையின் நெற்றியில் எந்த ஆண்டு, எத்தனை லட்சம், யாருடைய நிதி என்பதைப் பெரிய எழுத்தில் படிக்கலாம். பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்பது பெரும்பாலும் எழுதியிருக்காது. பெயர் பொறிக்கும் ஆசை புண்ணியக் கணக்கிலிருந்து வாக்குக் கணக்குக்கு மாறியது. ஆனாலும் கல்லோ, சத்திரமோ, தொகுதி நிதிக் கூரையோ காத்திருப்பவரிடம் பதிலுக்கு எதையும் விலையாக வாங்கவில்லை. அந்த மாற்றம் 1964இல் பிரான்சின் லியோன் நகரத்தில் நடந்தது.

லியோன், 1964

ழான் குளோத் தெக்கோ என்ற இளைஞர் நெடுஞ்சாலை ஓரங்களில் விளம்பரப் பலகை வைத்துப் பிழைத்தவர். 1964இல் பிரெஞ்சு அரசு அத்தகைய பலகைகள் மீது கடும் வரி போட்டது. தொழில் முடங்கியது. சாலையோரம் கைவிட்டுப் போனதும் அவர் கண் நகரத்துக்குள் திரும்பியது. நகராட்சியிடம் அவர் வைத்த யோசனை எளியது. பேருந்து நிறுத்தங்களுக்குக் கூரையை நான் கட்டித் தருகிறேன், நானே கழுவித் துடைத்துப் பராமரிக்கிறேன், உங்களுக்கு ஒரு காசு செலவில்லை, பதிலுக்கு அதில் விளம்பரம் வைக்கும் உரிமையை மட்டும் எனக்குக் கொடுங்கள். லியோன் ஒப்புக்கொண்டது. அங்கே தொடங்கிய அந்தத் தொழில் இன்று உலகின் மிகப் பெரிய வெளிப்புற விளம்பர நிறுவனம். 2006இல் புதுதில்லி நகராட்சியின் நிழற்குடைகள் வரை அது வந்து சேர்ந்தது.

நகராட்சிகள் இதை ஏன் அள்ளி அணைத்துக்கொண்டன என்பது புரிகிறது. குடிமகளுக்குச் செய்ய வேண்டிய கடமை ஒன்று செலவுப் பக்கத்திலிருந்து வரவுப் பக்கத்துக்குப் போகிறது என்றால் எந்தக் கணக்காளர் மறுப்பார்? சென்னை மாநகராட்சியும் பின்னாளில் இதே வழியில், ஒப்பந்தம் எடுத்தவரே கட்டி, பராமரித்து, விளம்பரத்தில் ஈட்டிக்கொள்ளும் முறையில் துருப்பிடிக்காத எஃகு நிழற்குடைகளை எழுப்பியது.

இந்த ஏற்பாட்டில் விற்கப்படும் பொருள் எது என்று பார்க்க வேண்டும். கூரை விற்பனைக்கு இல்லை. பலகையின் பரப்பு கூட வெறும் பாத்திரம்தான். விற்கப்படுவது கண். சாலையில் போகிறவரின் கண் ஒன்று, நிறுத்தத்தில் நிற்பவரின் கண் இன்னொன்று. விளம்பரத் தொழிலில் ‘டுவெல் டைம்’ என்று ஒரு சொல் உண்டு. ஓரிடத்தில் ஒருவர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதைக் குறிப்பது. ஓடுகிற காரிலிருந்து பார்ப்பவர் சில நொடிகளில் கடந்துவிடுவார். நிறுத்தத்தில் நிற்பவரோ பத்து நிமிடம், இருபது நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாக வேண்டும். நிறுத்தப் பலகைக்கு விலை கூட அதுவும் ஒரு காரணம்.

இங்கேதான் இந்த ஏற்பாட்டின் அடிமடியில் உள்ள முரண் தெரிகிறது. இரவு ஒன்பது மணிக்குத் தனியாக நிற்கும் பெண்ணுக்கு வேண்டியது காத்திருப்பு குறைவது. அவள் பயம் நிமிடக் கணக்கில் வளர்வது. விளம்பரக்காரருக்கோ காத்திருப்புதான் சரக்கு. தாமதமாக வரும் பேருந்து அவளுக்கு நட்டம், அவருக்கு ஆதாயம். யாரும் திட்டமிட்டுப் பேருந்தைத் தாமதப்படுத்துகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. காத்திருப்பவளின் நலனும் அவள் தலைக்கு மேல் விளக்கேற்றுபவரின் நலனும் எதிரெதிர்த் திசையில் இருக்கின்றன என்கிறேன்.

சட்டத்தின் கண்கள்

இந்த வெளிச்சத்தைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? இங்கிலாந்தில் 2007ஆம் ஆண்டின் விளம்பரக் கட்டுப்பாட்டு விதிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உள்ளாட்சி அமைப்பு ஒரு விளம்பரத்துக்கு அனுமதி கொடுப்பதையும் மறுப்பதையும் இரண்டே அளவுகோல்களால் முடிவுசெய்ய வேண்டும். ஒன்று அப்பகுதியின் இனிமை, மற்றொன்று பொதுப் பாதுகாப்பு.

முதலாவது குடியிருப்பவருக்குக் கைகொடுக்கிறது. வீட்டுச் சன்னலுக்கு எதிரே இரவெல்லாம் ஒளிரும் பலகை வந்தால், தெருவின் தன்மை கெடுகிறது என்று எதிர்க்கலாம். குடியிருப்புப் பகுதி, கடைவீதி, கிராமப்புறம் என்று இடத்துக்கு ஏற்றபடி ஒளி அளவைக் குறைக்கும்படி அங்கே ஒளியியல் வல்லுநர்களின் பரிந்துரைகள் இருக்கின்றன. மின்னணுத் திரையாக இருந்தால் படம் இத்தனை நொடிக்கு முன் மாறக்கூடாது, அசையக்கூடாது, இரவில் மங்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை போடுகிறார்கள்.

இரண்டாவதான ‘பொதுப் பாதுகாப்பு’ என்ற சொல்லைப் படித்ததும் நிறுத்தத்தில் நிற்பவள் நினைவுக்கு வந்தாள் என்று நாம் மகிழக்கூடும். விதிகள் அதை விளக்கும் விதம் வேறு. சாலை, ரயில், நீர்வழி, விமானப் போக்குவரத்து ஆகியவற்றைப் பயன்படுத்துவோருக்கு ஆபத்து உண்டா, போக்குவரத்துக் குறியை விளம்பரம் மறைக்கிறதா, கண்காணிப்புக் கருவிக்கோ வேகம் அளக்கும் கருவிக்கோ இடையூறு ஆகிறதா என்பவை அங்கே கேட்கப்படும் கேள்விகள். ஓட்டுநரின் கண் கூசக் கூடாது, கேமராவின் கண் மறையக் கூடாது. காத்திருப்பவளும் சாலையைப் பயன்படுத்துபவர்தானே என்று வாதிடலாம். ஆனால் அந்தப் பலகைக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும் என்று தனியாக ஒரு வரி இல்லை. கேமராவுக்கு ஒரு வரி இருக்கிறது.

இந்தியாவிலும் இதே கண்தான். சாலையோர விளம்பரங்கள் ஓட்டுநரின் கவனத்தைச் சிதறடித்து ஆபத்து விளைவிக்கின்றன என்ற அடிப்படையில் 1997 நவம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் தில்லியில் அவற்றை அகற்ற ஆணையிட்டது. தமிழ்நாட்டிலும் மாபெரும் விளம்பரத் தட்டிகளைக் குறித்து நீண்ட வழக்குகள் நடந்தன. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணை அருகே, இருசக்கர வாகனத்தில் வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த 23 வயதுப் பெண் பொறியாளர் மீது அரசியல் கட்சிக்காரர் வீட்டுத் திருமணத்துக்கு வைத்த பேனர் சரிந்து விழுந்தது. சாலையில் விழுந்தவர் மீது லாரி ஏறியது. அந்தச் சாவுக்குப் பிறகுதான் பேனர்களின் மீது நீதிமன்றத்தின் கோபமும் மக்களின் கோபமும் ஒன்றாகத் திரும்பின. அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் வழக்குகளின் பார்வை தலைக்கு மேலே உள்ள பெரிய தட்டிகளிலேயே தங்கிவிட்டது. கண்மட்டத்தில், ஒப்பந்தத்தோடும் உரிமத்தோடும், ‘பயணியர் வசதி’ என்ற பெயரில் எரியும் பலகையை யாரும் கேள்விக்கு உட்படுத்தவில்லை.

டொரண்டோவின் குறிப்பேடுகள்

நிறுத்தத்து வெளிச்சத்தைக் காத்திருப்பவளின் கண்ணால் அளக்கும் முறை ஒன்றைப் பெண்கள் இயக்கங்களே உருவாக்கின. கனடாவின் டொரண்டோ நகரில் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராகச் செயல்பட்ட மெட்ராக் அமைப்பு 1989இல் பெண்கள் பாதுகாப்புத் தணிக்கை என்ற முறையை வகுத்தது. இதில் வல்லுநர் தேவையில்லை. அந்த இடத்தைப் பயன்படுத்தும் பெண்களே சிறு குழுவாக, இருட்டிய பின், கையில் கேள்வித்தாளோடு அங்கே நடந்து பார்க்க வேண்டும். இங்கிருந்து எவ்வளவு தூரம் தெரிகிறது? என்னை யாரால் பார்க்க முடியும்? கத்தினால் யாருக்குக் கேட்கும்? மறைந்து நிற்க இடம் உண்டா? ஓட வேண்டி வந்தால் எந்தப் பக்கம்? நகரப் போக்குவரத்து நிர்வாகமும் காவல்துறையும் மெட்ராக்குடன் சேர்ந்து நிலையங்களையும் நிறுத்தங்களையும் இவ்வாறு தணிக்கை செய்தன. 1991இல் அங்கே ஒரு புதிய நடைமுறை வந்தது. இரவில் தனியாகப் பயணம் செய்யும் பெண் கேட்டால் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவிலும் பேருந்தை நிறுத்தி இறக்கிவிட வேண்டும். நிறுத்தம் என்பது நிர்வாகம் நட்ட கம்பம் மட்டும் அல்ல, அவள் பத்திரமாக வீடு சேரும் தூரமும்தான் என்று ஒரு நகரம் ஒப்புக்கொண்ட தருணம் அது.

தில்லியில் ஜாகோரி அமைப்பு இந்தத் தணிக்கை முறையை எடுத்துச் செய்தது. 2013இல் தொடங்கப்பட்ட சேஃப்டிபின் செயலி அதைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்தது. அவர்களின் அளவுகோல்களில் வெளிச்சம் ஒன்று. ஆனால் அது ஒன்று மட்டும்தான். இடத்தின் திறந்த தன்மை, சன்னல்களிலும் கடைகளிலும் இருந்து பார்வை விழுகிறதா, ஆள் நடமாட்டம், அந்த ஆள்களில் பெண்கள் எத்தனை பேர், நடைபாதை, பொதுப் போக்குவரத்தின் நெருக்கம் ஆகியவையும் தனித்தனியே எண்ணப்படுகின்றன.

இந்தப் பிரிப்பு முக்கியமானது. வெளிச்சமும் பார்க்க முடிவதும் ஒன்றல்ல. கண்ணின் இயல்பு அப்படி. பளிச்சென்ற பரப்பின் அருகே நிற்கும்போது கண் அந்த ஒளிக்கு ஏற்றபடி பழகிக்கொள்கிறது. அதற்கு அப்பால் உள்ள மங்கலான இடம் அதனாலேயே இன்னும் இருண்டு தெரியும். எரியும் பலகையை ஒட்டி நிற்பவளைச் சாலையில் போகும் எல்லோரும் பார்க்கலாம். ஐந்தடி தள்ளி மரத்தடியில் நிற்பவனை அவளால் பார்க்க முடியாது. பலகை நிழற்குடையின் பக்கச் சுவராக இருந்தால், அதற்கு அந்தப் பக்கம் இருப்பது எதுவும் தெரியாது. நாடக மேடையில் நிற்பவருக்கு அரங்கம் இருட்டாகத் தெரிவதைப் போன்ற நிலை. பார்க்கப்படுவதற்கான ஒளியும் பார்ப்பதற்கான ஒளியும் வேறு வேறு. பெண்ணுடலைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு வெறும் ஒளியியல் பாடம் இல்லை.

கும்மிருட்டுக்கு இது மேல் இல்லையா என்று கேட்பார்கள். மேல்தான். தெருவிளக்கு எரியாத நிறுத்தத்தில் விளம்பரப் பலகையின் ஒளியைத் தேடிப்போய் நிற்கும் பெண்களை நானும் பார்க்கிறேன், நானும் நின்றிருக்கிறேன். கிடைத்த வெளிச்சத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் அவர்களின் சமயோசிதத்தைக் கொண்டு அந்த ஏற்பாட்டை நியாயப்படுத்த முடியாது என்பதுதான் என் வாதம்.

வெளிச்சம் எவ்வளவு இருந்தாலும் பேருந்து இல்லாவிட்டால் அது எதற்கும் உதவாது. 2012 டிசம்பர் 16 இரவு, தில்லி முனிர்க்கா நிறுத்தத்தில் அந்தப் பெண்ணும் நண்பரும் ஏறியது ஒரு தனியார் பேருந்தில். நம்பி ஏறத்தக்க பொதுப் பேருந்து அந்த நேரத்தில் கையெட்டும் தூரத்தில் இருந்திருந்தால் என்ற கேள்வி இந்நாட்டின் எல்லா நிறுத்தங்களிலும் இன்னும் நிற்கிறது.

விளம்பரம் போகாத ஊர்கள்

2021 மே 8 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமில்லாமல் பயணம் செய்கிறார்கள். பேருந்தின் முகப்பில் இளஞ்சிவப்பு பூசியிருக்கும். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள், காய் விற்பவர்கள், படிக்கிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் முதியவர்கள் எனப் பலருக்கு மாதச் செலவில் ஒரு பெருந்தொகை மிஞ்சியது. யாரிடமும் கேட்காமல் வெளியே போகும் உரிமையும் ஓரளவு மிஞ்சியது. கூடவே ‘ஓசிப் பயணம்’ என்ற ஏளனமும் வந்தது. சாதாரணப் பேருந்து வரும்வரை, சொகுசுப் பேருந்துகளை விட்டுவிட்டு, இந்தப் பெண்கள் நீண்ட நேரம் நிற்கிறார்கள். அந்த நிற்றலைத்தான் விளம்பரத் தொழில் காசாக்குகிறது. பயணச்சீட்டுக்குக் காசு கொடுக்காதவள் என்று ஏளனம் செய்யப்படும் பெண், நிறுத்தத்தில் தன் நேரத்தையும் கண்ணையும் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கணக்கை யாரும் எழுதுவதில்லை.

அவள் தலைக்கு மேல் என்ன எரிகிறது என்பதையும் பார்க்கலாம். கல்யாணத்துக்கு நகை, நிச்சயத்துக்குப் பட்டு, பிள்ளை இல்லையென்றால் கருத்தரிப்பு மையம், பிள்ளை வளர்ந்தால் கல்லூரி. ஒரு பெண்ணின் வாழ்க்கை எந்த எந்த நிறுத்தங்களில் நிற்க வேண்டும் என்று இந்தச் சமூகம் நினைக்கிறதோ, அந்த வரிசையில்தான் பலகைகள் எரிகின்றன. படத்தில் இருப்பவள் பெரும்பாலும் வெளுத்த நிறத்தவள். கையில் பை இல்லை, முகத்தில் வியர்வை இல்லை, எங்கும் போக வேண்டிய அவசரம் இல்லை.

விளம்பரத்தின் வருமானத்தில் கூரை எழும்பினால், விளம்பரத்துக்கு விலை உள்ள இடத்தில்தான் நல்ல கூரை எழும்பும். கார் ஓடும் பெரிய சாலையில் நிழற்குடை பளபளக்கும். அதே பேருந்து திரும்பி நுழையும் உட்தெருக் குடியிருப்பில் வெறும் கம்பம் நிற்கும். சென்னையின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்கள் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டார்கள். அங்கிருந்து அதிகாலையில் அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் வீட்டு வேலைக்குக் கிளம்பும் பெண்கள் எந்த நகைக்கடைக்கும் இலக்கு இல்லை. விடியுமுன் இருட்டில் நிற்கும் அவர்களுக்குத்தான் விளக்கு அதிகம் தேவை. சந்தையிடம் வெளிச்சத்தை ஒப்படைத்தால் அது இப்படித்தான் பங்கு வைக்கும்.

பலகை விற்காத காலத்தில் இன்னொரு காட்சி கிடைக்கும். படம் இல்லாத வெற்றுச் சட்டகம், எரியாத குழல்விளக்கு, ‘விளம்பரத்துக்கு அணுகவும்’ என்று ஒரு தொலைபேசி எண். பேருந்து எண் இல்லை, வழித்தடம் இல்லை, விளக்கு எரியவில்லை என்று அழைக்க எண் இல்லை. நிழற்குடை யாரோடு பேச நிற்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

மாலை வகுப்பு முடிந்து போகும் என் மாணவிகளிடம், நிறுத்தத்தில் எங்கே நிற்பீர்கள் என்று ஒருமுறை பேச்சுவாக்கில் கேட்டேன். விளம்பரப் பலகை அருகில் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. பூக்காரம்மா பக்கத்தில், டீக்கடை வெளிச்சத்தில், இஸ்திரி வண்டி ஓரத்தில் என்றார்கள். மின்கலத்தில் எரியும் சிறு விளக்கை வைத்துக்கொண்டு பூக்கட்டும் பெண் அந்த நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். யார் தினமும் வருகிறவர், யார் புதியவர் என்பது அவளுக்குத் தெரியும். வெளிச்சமும் பார்வையும் அவளிடம் ஒன்றாக இருக்கின்றன. பார்க்கும் கண்கள் இல்லாத இடத்தில் விளக்கு மட்டும் பாதுகாப்புத் தராது என்று ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதியதும் இதைத்தான். தெரு வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைக் காக்க 2014இல் சட்டம் வந்த பிறகும், நிழற்குடை புதுப்பொலிவு பெறும்போது முதலில் நகர்த்தப்படுவது பூக்கூடைதான்.

மற்ற ஊர்கள் செய்து பார்த்தவை

பிரேசிலின் சாவ் பாவ்லோ 2007 ஜனவரியில் நகரம் முழுவதும் வெளிப்புற விளம்பரங்களைத் தடை செய்தது. சுமார் 15,000 பெரும் பலகைகள் இறங்கின. சில ஆண்டுகளில் விளம்பரம் திரும்பி வந்த வழிகளில் ஒன்று, பேருந்து நிழற்குடை. பிரான்சின் கிரனோபிள் 2014இல் விளம்பர ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் 326 பலகைகளை எடுத்துவிட்டு மரம் நடுவதாக அறிவித்தது. அங்கேயும் பேருந்து, டிராம் நிறுத்தங்களின் விளம்பரம் வேறொரு ஒப்பந்தத்தின் கீழ் இருந்ததால் தொடர்ந்தது. பெரும் பலகையைத் துரத்த முடிந்த நகரங்களாலும் நிறுத்தத்துப் பலகையைத் தொட முடியவில்லை. காரணம், அதைப் பிடுங்கினால் கூரையும் விளக்கும் சேர்ந்து வந்துவிடும். தெக்கோவின் யோசனையின் வலிமை அந்த ஒட்டில்தான் இருக்கிறது.

லண்டன் படத்தை ஒழுங்குபடுத்தியது. கடற்கரைக்குப் போக உன் உடல் தயாரா என்ற பொருளில், மெலிந்த பெண்ணுடலைக் காட்டிய 2015ஆம் ஆண்டு விளம்பரத்தைப் பெண்கள் எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டு, உடலைக் கூசச்செய்யும் விளம்பரங்களைப் போக்குவரத்து வலையமைப்பில் மேயர் தடை செய்தார். 2019இல் உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த உணவுகளின் விளம்பரத்துக்கும் தடை வந்தது. அது பேருந்து நிறுத்தங்களுக்கும் பொருந்தும். இவை நல்ல வெற்றிகள். ஆனால் படம் மாறியது, விளக்கின் திசை மாறவில்லை.

2022இல் மின்சார நெருக்கடியின்போது பிரான்ஸ், ஒளிரும் விளம்பரங்கள் இரவு 1 மணி முதல் 6 மணி வரை அணைய வேண்டும் என்ற விதியை நாடு முழுவதற்கும் விரித்தது. அதில் ஒரு விதிவிலக்கு. போக்குவரத்துச் சேவைக்கான நிறுத்தங்களில் உள்ளவை, அந்தச் சேவை ஓடும் நேரத்தில் எரியலாம். விளம்பரத்துக்குச் சாதகமான விலக்குதான். ஆனாலும் அதற்குள் நமக்கு உதவும் ஒரு கொள்கை இருக்கிறது. நிறுத்தத்து விளக்கின் நேரத்தைத் தீர்மானிக்க வேண்டியது பேருந்தின் நேரம்.

அங்கிருந்து நம் கோரிக்கைகளை எழுதலாம். விளக்கையும் விளம்பரத்தையும் ஒப்பந்தத்திலேயே பிரிக்க வேண்டும். கூரையிலிருந்து கீழ்நோக்கி, இருக்கையின் மேலும் நடைபாதையின் மேலும் விழும் ஒரு விளக்கு, பலகை விற்றாலும் விற்காவிட்டாலும், முதல் பேருந்துக்கு முன்பிருந்து கடைசிப் பேருந்துக்குப் பின்பு வரை எரிய வேண்டும். பலகை எதையும் மறைக்கும் சுவராக நிற்கக் கூடாது. குடியிருப்புத் தெருவில் அதன் ஒளி வீட்டுச் சன்னலைத் தாக்காத அளவுக்கு மங்க வேண்டும். வழித்தடமும் நேரமும் படிக்கும் வெளிச்சத்தில் இருக்க வேண்டும். பெரிய சாலையின் விளம்பர வருமானத்தில் ஒரு பகுதி, விளம்பரம் போகாத நிறுத்தங்களின் விளக்குக்கு என்று எழுதப்பட வேண்டும். பூக்காரிக்கு நிழற்குடையின் வரைபடத்திலேயே இடம் வேண்டும்.

இவை எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் சில வரிகள் போதும். இடத்தின் விளம்பர மதிப்பைக் கணக்கிடும்போது அச்சாலையில் எத்தனை வாகனங்கள் போகின்றன என்று எண்ணுகிறார்கள். அதே தாளில் இன்னொரு கட்டம் வரையலாம்: இரவு ஒன்பது மணிக்குமேலும் விடியற்காலை ஐந்து மணிக்கும் இங்கே எத்தனை பெண்கள் நிற்கிறார்கள்? அந்தக் கட்டத்தை நிரப்ப யாராவது ஒருவர் அந்த நேரத்தில் அங்கே போய் நின்றுதான் ஆக வேண்டும். அந்த வேலையை டொரண்டோ பெண்களைப் போல நாமே தொடங்கலாம். அவரவர் தெருமுனை நிறுத்தத்தில், நான்கு பேர் சேர்ந்து, ஒரு குறிப்பேட்டோடு.